ஏற்றத்தின் உச்சியில் ஒரு ப்ளக் பாயிண்ட்

என்னை ஓரமாக நிற்கச் சொன்ன என் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், உன் உடம்புக்கு எப்போது என்ன வந்தது? உன் மகனையும் மருமகளையும் நான் விசாரித்ததாகச் சொல். உன்னை விசாரிக்கவில்லை. இது உதவி கேட்டு எழுதும் கடிதம், சமாதானம் பேச எழுதுவதல்ல. என் மூத்தவள் கல்யாணத்தில் போட்டோக்காரர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தபோது, "அக்கா, நீ கொஞ்சம் ஓரமா நில்லு, உன்னால பின்னாடி நிக்கிறவங்க மறையறாங்க" என்று சம்பந்தி வீட்டார் காதுபடச் சொன்னாய். பெண்ணைப் பெற்றவள் நான், அந்தப் போட்டோவில் என் இடது தோள் மட்டும்தான் இருக்கிறது. இனி உன் வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்கு முன்பே என் ஃபிளாஸ்கை இரவல் வாங்கிப் போய் மூடி இல்லாமல் திருப்பித் தந்தவள் நீ. அதுவும் ஞாபகம் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் பேத்தி மின்விசிறிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, எங்கள் வீட்டு ஷெட்டில் கரண்டில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்று செய்திருக்கிறாள். கனமே இருக்கக் கூடாதாம். ஒவ்வொரு நட்டையும் என் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். போல்ட்டுகளின் வாலை அறுத்தாள், ஸ்டாண்டில் ஓட்டை போட்டாள், பிரேக் பிடியில் ஓட்டை போட்டாள், இப்போது வண்டியைவிட ஓட்டைதான் அதிகம். பெட்ரோல் டாங்க் இல்லை, கியர் இல்லை, புகைக்குழாய் இல்லை. சீட் ரொட்டித் துண்டு அகலம். பேட்டரியும் சின்னது, பெரிசு வைத்தால் கனமாம். கடைசியில் ஹாரனையும் கழற்றிவிட்டாள். வண்டியோ சத்தமே போடாது, பூனை மாதிரி வரும். "ஹாரன் இல்லாம எப்படிடி போறது?" என்று கேட்டேன். "அதான் பின்னாடி நீ இருக்கியே பாட்டி" என்கிறாள்.

ஆமாம், பின்னால் நான்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மோட்டார் கம்பெனியிலிருந்து ஒருவர் வருகிறார். ரெண்டு பேரை ஏற்றிக்கொண்டு உன் தெரு ஏற்றத்தில் உச்சிவரை போய், இறங்கி, வீடு வந்து சேர்ந்தால் இந்த வண்டியைக் கம்பெனியே செய்து விற்கும். இல்லையென்றால் இவள் மறுபடி மின்விசிறிக்கே போக வேண்டும். ஊரில் வேறு ஏற்றமே இல்லாத மாதிரி உன் வீட்டு கேட்டில் போய் முடிகிற ஏற்றம்தான் அதற்கு அகப்பட்டது. முதலில் மணல் மூட்டையைக் கட்டிப் பார்த்தாள், வளைவில் சரிந்தது. என் மகனை உட்கார வைத்தாள், பயத்தில் நெளிந்தான். "பாட்டி, கோபமா இருக்கும்போது நீ அசையவே மாட்ட. நீ வா" என்றாள். என்னை ஆள் நிறுக்கும் தராசில் ஏற்றி எடையைச் சுவரில் எழுதினாள். அதை இங்கே எழுத மாட்டேன், உனக்குச் சந்தோஷமாகிவிடும். அந்த எடை கூடவும் கூடாது குறையவும் கூடாதாம், அப்போதுதான் வண்டியின் திறமை சரியாகத் தெரியுமாம்.

முதல் நாள் ஏற்றம் தொடங்கின இடத்திலேயே முன்சக்கரம் குதிரை மாதிரி எழும்பிவிட்டது. பாரமெல்லாம் பின்னால் என்றாள். யாரைச் சொன்னாளோ! பேட்டரியை முன்னால் தள்ளி வைத்தாள். மறுநாள் தையற்காரர் தைத்த துணிகளை ஹேங்கரோடு தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். வண்டி வருவது அவருக்குக் கேட்கவில்லை, நான் "ஓரம் போங்க, ஓரம் போங்க" என்று கத்துவதற்குள் யாருடைய பேன்ட்டோ என் தலையில் மாலை மாதிரி விழுந்தது. "ஹாரன் கொஞ்சம் லேட்டும்மா" என்கிறார் அந்த மனுஷர். அன்றைக்கும் பாதி ஏற்றத்தில் மோட்டார் சூடாகி நின்றது. நான் இறங்கி நடந்தேன், தெருவே பார்த்தது.

அந்த வாரம் பார்த்து என் மகன், "அம்மா, சித்தி வீட்டு வாசல் வரைக்கும் போகத்தானே போறீங்க, உள்ள போய் ஒரு வார்த்தை பேசினா என்ன? அந்த போட்டோவை மறந்துடுங்களேன்" என்றான். பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? நான் சாப்பாட்டை நிறுத்தினேன். தண்ணியும் கஞ்சியும்தான், அதுவும் அவன் பார்க்காத நேரத்தில். அவனும் உன் சுபாவம்தான், கெஞ்சவே இல்லை. நாலைந்து நாள் அப்படியே ஓடிற்று. அந்த நிலைமையில் வண்டியில் ஏறினால், அது விறுவிறுவென்று உச்சிக்கே போய் உன் கேட்டில் நின்றது! பேத்தி வண்டியை நிறுத்திவிட்டு ஒரு ஆட்டம் போட்டாள். நான் உன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் எல்லாருக்கும் போன் போடத் தொடங்கினாள். அவள் கையைப் பிடித்து, "ஏறினது உன் வண்டி இல்லடி கண்ணு, இறங்கினது என் எடை" என்றேன். தராசில் ஏறிக் காட்டினேன். அந்த முகம் வாடினதைப் பார்த்திருந்தால் நீகூட அழுதிருப்பாய். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "முதல்ல சாப்பிடு பாட்டி" என்று தட்டைப் போட்டுவிட்டு ஷெட்டுக்குள் போனாள். பின்னால் செயின் சுற்றுகிற பல்சக்கரத்தைப் பெரிசாக மாற்றினாள். வேகம் குறைந்தது, இழுவை கூடிற்று. நானும் தின்று பழைய எடைக்கு வந்தேன், அதில் எனக்குக் கஷ்டமே இல்லை. நேற்று முழுப் பாரத்தோடு உச்சியைத் தொட்டோம். ஆனால் பேட்டரி காலி. இறக்கத்தில் சும்மா உருண்டு வந்து, கீழே இருந்து வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தோம்.

அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மேலே வரும்போது உன் வாசல் ப்ளக் பாயிண்டில் கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும். இது எனக்காக இல்லை, பிள்ளைக்காக. நான் கேட்டுக்கு வெளியேதான் நிற்பேன். உட்காரச் சொல்லாதே. டீ போடாதே.

உன் பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். உனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
போட்டோவில் இல்லாத உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது பேத்தி வந்து எட்டிப் பார்த்தாள். "ப்ளக்கா? எதுக்குப் பாட்டி? இறக்கத்துல சக்கரம் சுத்துறப்ப மோட்டாரே பேட்டரியை நிரப்புற மாதிரி மாத்திட்டேன். காலையில அப்பாவையும் அவர் மடியில மணல் மூட்டையையும் வச்சு உன் எடைக்கு ஓட்டிப் பார்த்தேன். வீடு வரைக்கும் வந்துடுச்சு. நீகூட வர வேண்டாம்" என்றாள். ஆக, ப்ளக்கும் வேண்டாம், நானும் வேண்டாம். நான்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் பட்டினியோடு வந்த அன்றைக்கு வண்டி சத்தமில்லாமல் நின்றதா, உன் குரல் ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்டது. மருமகளிடம், "அந்த ஃபிளாஸ்க் மூடியைத் தூக்கிப் போடாதே, அது எங்க அக்காவோடது. அதைக் கேட்டாவது ஒரு நாள் வருவாள்னுதான் வச்சிருக்கேன்" என்றாய். மூடியைக் கழுவி வை. ஹாரனும் கிடையாது, உன் வாசலில் நின்று நான் கத்தவும் மாட்டேன். கதவைத் திறந்தே வை.