ஒரு ரூபாய்க்கு எழுபது மார்க்

ஒரு ரூபாய் நாணயத்தைக் கையுறை போட்டுக்கொண்டு தொட்ட பெண்மணி, விழுப்புரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வீட்டில் யாரையும் நான் சிரிக்கக்கூட விடவில்லை. சிரித்தால் மூச்சுக்காற்று நாணயத்தின் மேல் படும் அல்லவா?

அந்த நாணயம் ஷேர் ஆட்டோவில் சில்லறையாக என் கைக்கு வந்தது. அச்சு நழுவி, ஓரத்தில் பிறை வடிவில் வெறுமையாக இருந்தது. "இது செல்லாதுப்பா, வேற குடு" என்று சண்டைக்குப் போனேன். "செல்லும்க்கா. நான் இன்னா வூட்ல அச்சடிச்சிக்கினா இருக்கேன்?" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அன்று சாயங்காலம் போனில் ஏதோ சமையல் வீடியோ பார்த்தேன். அது முடிந்ததும் தானாக ஓடிய அடுத்த வீடியோவில், அச்சு பிசகிய நாணயத்துக்கு ஊரெல்லாம் ஆள் தேடி அலைகிறார்கள் என்று ஒருவர் கத்தினார். அந்த நொடியில் ஆட்டோக்காரர் எனக்குத் தெய்வமாகிவிட்டார்.

ஆனால் நாணயம் இருந்தால் மட்டும் போதாதாம். அதற்கு கிரேடிங் செய்ய வேண்டுமாம். நிபுணர்கள் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அசல்தானா என்று உறுதி செய்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டித் தருவார்கள். (என் கணக்குப் பரீட்சைத் தாளைக்கூட யாரும் இவ்வளவு அக்கறையாகத் திருத்தியதில்லை.) சிக்கல் என்னவென்றால், கட்டணமும் கூரியர் செலவும் சேர்ந்து நாணயம் விலைபோகும் தொகையையே தாண்டிவிடலாம். நல்ல மார்க் வந்தால் லாபம். சுமாராக வந்தால், ஒரு ரூபாய்க்குப் பிளாஸ்டிக் சட்டை தைத்துப் போட்ட செலவுதான் மிச்சம். கொடுப்பதா, வேண்டாமா என்று வாரக்கணக்கில் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். வரும் காசில் ஒரு ஸ்கூட்டி வாங்குவதுதான் என் இலக்கு. கல்லூரி அலுவலக வேலைக்கு தினமும் ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய் வருகிறவளுக்கு வேறென்ன ஆசை இருக்கும்?

திண்டிவனத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் என் தம்பி தண்டபாணியிடம் யோசனை கேட்டேன்.

"அக்கா, அந்தக் காசுக்கு இன்னிக்கு ஒரு தீப்பெட்டி கூட வராது. அத்தப் போயி பரீட்சைக்கு அனுப்பறேன்னு சொல்லிக்கினு இருக்கியே!" என்றான்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாரக்கணக்கில் தீராத கேள்வி அந்த நொடியில் தீர்ந்தது. கிரேடிங் செய்தே ஆக வேண்டும்! (முதலீட்டு முடிவுகளை நான் எப்போதும் இப்படித்தான் எடுப்பேன்.) தோதாக, திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி வந்தது. கிரேடிங்குக்கு நாணயம் வாங்கிக்கொள்ள ஒரு நிபுணர் வருகிறார் என்றார்கள்.

கையால் தொடாதே, கழுவாதே, துடைக்காதே. எல்லா வீடியோக்களும் சொன்ன பாடம் இதுதான். நாணயத்துக்கு அழுக்குதான் அழகாம். எனவே அதைப் பழைய கம்மல் டப்பாவில் பஞ்சு வைத்து, சாமி மாடத்தில் பத்திரப்படுத்தினேன். என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், பரம சாது. "கொஞ்சம் காட்டேன், பாக்கறேன்" என்று அவர் கேட்டபோதெல்லாம், "தள்ளி நில்லுங்க, மூச்சு படும்" என்று விரட்டினேன். ஆக, வீட்டில் ஒரு புதையல் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அது எந்த டப்பாவில், என்ன உருவத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. ராஜா காலத்துத் தங்க மொகரா நாணயம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கிளம்பும் அன்று காலை நான் குளித்துவிட்டு வந்தபோது, அவர் நெற்றி நிறைய விபூதியோடு சாமி மாடத்தருகே நின்றுகொண்டிருந்தார். "நல்லபடியா முடியும் மாலா. நீ தைரியமா போ" என்று ஒரு மாதிரியாகச் சிரித்தார். இந்த மனுஷனுக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. டப்பாவைத் திறக்காமலே கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி அன்பாக வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலைதான்) நீட்டினார். நான் வாங்கவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தேன்.

மண்டபத்தில் தம்பி கடையைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தான். தனியாக இல்லை. அவன் மனைவி, கடை ஆட்கள், பக்கத்து பேக்கரிக்காரர் என்று ஒரு பட்டாளமே வந்திருந்தது. வரிசையில் நின்று நிபுணர் முன்னால் போய் உட்கார்ந்தேன். டப்பாவை மேசைமேல் வைத்தேன். ஆபரேஷனுக்குத் தயாராகும் டாக்டர் தோரணையில் கையுறைகளை மாட்டிக்கொண்டேன். திறந்தேன்.

பஞ்சு இருந்தது. புரட்டினேன். அடியிலும் பஞ்சுதான். நிபுணர் பழக்க தோஷத்தில் பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"பஞ்சு நல்லா இருக்குதும்மா. காசு எங்க?"

பஞ்சைப் பிய்த்து உதறினேன். "ரயில்ல யாருகிட்டயாச்சும் பேசினியாக்கா?" என்று தம்பி பதறினான்.

"ஒரு அம்மா மல்லாட்டை குடுத்தாங்கடா!"

"துன்னியா?"

"இல்ல."

"அப்ப மயக்க மருந்து வேல செஞ்சிருக்காதே" என்று பேக்கரிக்காரர் துப்பறிந்தார். அந்தப் பாவப்பட்ட பெண்மணியை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து திருடியாக்கி முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போன் போடத் தோன்றியது. கையுறையோடு தடவினால் போன் அசையவில்லை. தம்பி வாங்கி, ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏங்க, கம்மல் டப்பாவுல இருந்த காசக் காணோம்ங்க!"

"அதுவா? சாமிகிட்ட பத்திரமா இருக்குது. உன்னோட காசுக்கு நல்ல மார்க் வரணும்னு கொலதெய்வத்துக்கு வேண்டிக்கினு, மஞ்சத் துணியில முடிஞ்சி வச்சிட்டேன். வூடு பூரா தேடறேன், ஒரு ரூபா காசு ஆம்புடல. எல்லாம் போன்லயே குடுத்துக்கினு கீறோமே! அப்பறம் பாத்தா அந்த டப்பாவுல ஒண்ணு இருந்துது. ஓரம் தேஞ்சி போயி கெடந்துது. கடைக்காரன் வாங்க மாட்டான், சாமி ஒண்ணும் சொல்லாதுன்னு எடுத்துக்கினேன்."

அவர் நிறுத்தவில்லை.

"ஒரே அழுக்கு மாலா. சாமிக்குப் போறதாச்சே, புளி போட்டு தேய் தேய்னு தேச்சேன். பளபளன்னு ஆயிடுச்சி!"

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். "புளியா?" என்று துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"மாமா, அந்த முடிச்ச அவுத்து எடுத்துக்கினு ஜல்தியா பஸ் ஏறுங்க" என்றான் தம்பி.

"அவுக்கறதா? வேண்டிக்கினதுப்பா! நெறவேறாம எப்பிடி அவுக்கறது?"

"அவுத்தாதான் மாமா மார்க் போடுவாங்க!"

"மார்க் வந்தாதான் அவுக்க முடியும்!"

வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சாமி காரியம், கை வைக்கக் கூடாது என்று ஒரு கட்சி. வேறு காசு மாற்றி முடிந்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று இன்னொரு கட்சி. மாற்றுவதற்கு ஒரு ரூபாய் காசு யாரிடமாவது இருக்கிறதா என்று பார்த்தால், நாணயக் கண்காட்சிக்கு வந்த அத்தனை பேரும் போனைத்தான் எடுத்தார்கள். கடைசியில் நிபுணர்தான் தீர்ப்புச் சொன்னார்.

"புளி போட்டுத் தேய்ச்ச காசுக்கு மார்க் கிடையாதும்மா. 'சுத்தம் செய்யப்பட்டது'ன்னு எழுதி ஒட்டித் தருவாங்க, அவ்வளவுதான். கிரேடிங் பண்ணா செலவு உங்களுக்குத்தான்."

கொடுப்பதா, வேண்டாமா என்று இத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இலவசமாகப் பதில் கிடைத்துவிட்டது. கையுறையோடே அழுதேன்.

திரும்பும் வழியெல்லாம் அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். வாசலிலேயே நின்றிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "அதான் அந்தக் காசுன்னு எனக்குத் தெரியாது மாலா. ஒரு தரம் காட்டியிருந்தீன்னா..." என்று இழுத்தார். மனப்பாடம் செய்த அத்தனையும் மறந்துபோனது. கோபம் போகவில்லை. ஆனால் தனக்கென்று எதையும் வேண்டிக்கொள்ளாத மனுஷன் அவர். அன்று எனக்காகத்தான் வேண்டிக்கொண்டார். அவரை அதற்குமேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

முடிச்சு இன்னும் சாமி மாடத்தில்தான் இருக்கிறது. மார்க் வராமல் அவர் அவிழ்க்க மாட்டார், அவிழ்த்தாலும் மார்க் வராது. நான் இன்னும் ஷேர் ஆட்டோவில்தான் போகிறேன்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அவர் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. போன மாதம் தண்டபாணியின் மகள் மட்டும் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் ஆசீர்வாதம் வாங்க வந்தாள். வந்தவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "மாமா, திருநீறு மட்டும் பூசி வுடுங்க. எனக்காக எதுவும் வேண்டிக்காதீங்க, ப்ளீஸ்!" என்று கெஞ்சினாள். திருநீறு வாங்கிக்கொண்டதும், ஹால் டிக்கெட் பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.