மூச்சு கேட்கும் ஸ்பீக்கர்

கண்ணாடிக் கடைக்காரர் தன் கையாலேயே அறுத்து, ஆணியடித்து, வார்னிஷ் பூசிய ஆம்பிளிஃபயர் ரேக், படகின் அறைக்கதவுக்குள் நுழைய மாட்டேன் என்றது.

"அளந்துதானே செஞ்சீங்க?" என்றாள் மனைவி.

"ரேக்கை அளந்தேன். கதவை யாரு அளப்பா?"

ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டுகிறவர். எதிரே இருந்த கதவு மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

எல்லாம் அந்தப் பல் டாக்டரால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் டாக்டரின் படகு கிளம்பினால், அதிலிருந்து ஒரு பெண்குரல் பாட்டு தண்ணீர்மேல் மிதந்து வரும்.

"கேட்டியாடி? பாடகி மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது! போன வாரம் பாட்டு நடுவுல ஒரு தும்மல். அதுகூட என்ன துல்லியம்! அப்படி என்ன ஆம்பிளிஃபயர்தான் வச்சிருக்கான்?"

"போய்க் கேட்டுட்டாப் போச்சு."

"பல்லைப் பிடுங்குறவன்கிட்ட நான் போய்ப் பல்லை இளிக்கணுமா?"

அன்றிலிருந்து வீடு பட்டறையாகிவிட்டது. கட்டில்மேல் ஒயர், சோபாவில் ரம்பம். அடுப்படியில் அவள் ஒரு பாட்டை முணுமுணுத்தால் போதும், "சும்மா இரு, அளவு தப்புது!" என்று கத்துவார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து படகில் போக வேண்டும்.

"ரேக் முடியட்டும்" என்பார்.

இப்போது கதவு நிலையை அறுத்தார். ரேக் நுழைந்தது, படகு இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் ஒரு லாரி பேட்டரியை வைத்து நிமிர்த்தினார். ஆம்பிளிஃபயர் கொதித்தது. ஃபேன் மாட்டினார். பாட்டைவிட ஃபேன்தான் நன்றாகக் கேட்டது. அதை அமுக்க இன்னொரு ஆம்பிளிஃபயரை ஏற்றினார். தண்ணீர் படகுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

"சார், இனி ஒரு ஆணி வச்சாலும் படகு உள்ள போயிடும்" என்றார் படகுத்துறைக் காவலாளி.

பாரம் குறைய வேண்டுமே. இருந்த ஒரே நல்ல இருக்கையைக் கழற்றிக் கரையில் வைத்தார்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"இன்னிக்கு ஒரு நாள் கரையில நில்லேன். தள்ளி நின்னு கேட்டாத்தான் அருமை தெரியும்."

தலைவாரி, பொட்டு வைத்து, ஆசையாகக் கிளம்பி வந்தவள் படகுத்துறையின் மறுமுனைக்கு நடந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக சுவிட்சைப் போட்டார். ரேக் ஒருமுறை உறுமியது. படித்துறையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பிறகு புகை. பிறகு அமைதி.

அந்த அமைதியில் தூரத்திலிருந்து டாக்டர் படகின் பாட்டு வந்தது. இன்றைக்கு இரண்டு குரல்கள். ஒன்று எடுத்துக்கொடுக்க, மற்றது வாங்கிக்கொண்டு மேலே ஏறியது. அந்த இரண்டாவது குரலில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"பாவி! ரெண்டாவது ஸ்பீக்கரும் போட்டுட்டான்யா! பழசு இதுக்குக் கால்தூசி பெறாது. இதை எந்தக் கடையில பிடிச்சான்?"

காவலாளி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தப் படகுல ஸ்பீக்கரே கிடையாது சார். எப்பவும் பாடுறது டாக்டரோட சம்சாரம், இன்னிக்குக் கூடப் பாடுறது நீங்க கரையில நிக்க வச்சீங்களே, உங்க வீட்டம்மா."