டாக்டர் கோங்கொராவின் நீல மை

வேனிலிருந்து இறங்கும்போதுதான் லாண்டி கவனித்தாள். பரிந்துரைக் கடிதம் வெறும் தாளாக இருந்தது. அடியில் பேராசிரியர் கோங்கொராவின் கையெழுத்தைக்கூடக் காணோம்.

"அண்ணே, என் தாளை யாராவது தொட்டாங்களா?"

"யாரும்மா தொடுவா? கசங்கக் கூடாதுன்னு நீதானே கண்ணாடிக்கு முன்னால வச்சே? நம்ம மெரிடா ஊர் வெயில்தான் தொட்டுச்சு," என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.

உதவித்தொகையோடு வேதியியலில் முனைவர் படிப்பு. அந்த வருஷம் ஒரே ஓர் இடம்தான். கிடைக்காவிட்டால் அக்காளின் செருப்புக் கடையில் ஊர்க்காரர்களின் கால்களை அளந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு மணிக்குள் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும். அப்போது மணி பன்னிரண்டரை.

பேராசிரியரை போனில் பிடித்தாள்.

"சார், உங்க கடிதம் கையெழுத்தோட மறைஞ்சு போச்சு."

"நேத்துதானே போட்டேன்?"

"எந்தப் பேனாவில சார்?"

"புதுசும்மா. தப்பா எழுதினா பின்னால இருக்கிற ரப்பரால தேய்ச்சாப் போதும், போயிடும். அருமையான பேனா. சரி, விமானத்துல ஏறிட்டேன். நகல் அனுப்பட்டுமா?"

"நகல் வாங்க மாட்டாங்க சார். நீல மையில, அசலா..."

இணைப்பு அறுந்தது.

லாண்டி தலையில் அடித்துக்கொண்டாள். தேய்த்தால் போகிற மை என்றால், தேய்க்கும் சூட்டில் போகிற மை. சூட்டில் போனது கடுங்குளிரில் திரும்பி வரும். எதிரே வில்பெர்த்தின் குச்சி ஐஸ் கடை இருந்தது.

"அண்ணே, இந்தத் தாளைக் கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டிக்குள்ள வைக்கணும்."

"தேங்காய் ஐஸ் பக்கமா, புளி ஐஸ் பக்கமா?" என்றார் வில்பெர்த், முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லாமல்.

இருபது நிமிடத்தில் கடிதமும் கையெழுத்தும் வந்துவிட்டன. கூடவே, பேராசிரியர் முதலில் எழுதி அழித்ததும் வந்துவிட்டது. பத்துக்கு ஒன்பது என்ற இடத்தில், அதன் மேலேயே ஓர் ஆறு. 'விடாமுயற்சி உள்ளவர்' என்ற வரியின் குறுக்கே 'நச்சரிப்பு தாங்கவில்லை'.

வில்பெர்த் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"அண்ணே, சும்மா இருங்க. ஒரு கரண்டியைச் சூடு பண்ணிக் குடுங்க. வேண்டாததை மட்டும் மறைய வைக்கிறேன்."

"நீ அவசரத்துல சுட்டுக்குவே. நான் வைக்கிறேன்."

வைத்தார். ஒன்பது போயிற்று. விடாமுயற்சி போயிற்று. கையெழுத்தில் பாதி போயிற்று. நச்சரிப்பு மட்டும் பளிச்சென்று நின்றது.

"இது நல்ல மைதான்," என்றார் வில்பெர்த்.

அழக்கூட நேரமில்லை. தாள் மறுபடி பெட்டிக்குள் போனது. திரும்பி வரும்போது எல்லாமே திரும்பி வந்திருந்தன. புதிதாக ஒரு மூலையில் தேங்காய்ப் பாலும் ஒட்டியிருந்தது. மணி ஒன்றே முக்கால். இனி எதையும் அழிக்க அவளுக்குத் துணிவில்லை. ஐஸ் கட்டிகள் போட்ட டப்பாவில் கடிதத்தை வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஓடினாள்.

எழுத்தர் நெய்டி அம்மாள் கதவைச் சாத்த எழுந்திருந்தார். தாளை வாங்கியவர் கையை உதறினார்.

"என்னம்மா இது, மீன் மாதிரி ஜில்லுன்னு இருக்கு?"

லாண்டி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பேனா, வேன், வெயில், ஐஸ் பெட்டி, கரண்டி.

நெய்டி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "ஆறா, ஒன்பதா?"

"ஒன்பதும்மா. ஆறு... முதல்ல ஆறு."

"நச்சரிப்பு?"

"அதுவும் நான்தாம்மா."

நெய்டி அம்மாள் முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

லாண்டி முத்திரையை எட்டிப் பார்த்தாள். "இப்படியே... ஏத்துக்கிட்டீங்களாம்மா?"

"கோங்கொரா அந்தப் பேனாவில மொத்தம் பதினோரு பேருக்குக் கடிதம் குடுத்தாரு," என்றார் நெய்டி அம்மாள், விளக்கை அணைத்துக்கொண்டே. "மத்த பத்து வேதியியல்காரங்களும் வெறும் தாளை நீட்டி அழுதுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க."