கண்ணாடிக்குள் வியர்த்த துபாஷி

'ஊரிலேயே முதல் ஆள்' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதிதாக எது வந்தாலும் அது முதலில் அவர் வீட்டில்தான் இறங்க வேண்டும். இறங்கியபின் அது உதைத்தாலும், கடித்தாலும், தூக்கத்தைக் கெடுத்தாலும், இடுப்பை ஒடித்தாலும், வந்தவர் போனவரிடமெல்லாம் அதன் அருமை பெருமையைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நமக்கு வசதியாக ஒரு பொருளை வாங்குகிறோம் நாம். பொருளுக்கு வசதியாகத் தம்மை மாற்றிக்கொள்கிறவர் அவர்.

இந்த இனம் நேற்று முளைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலத்திலேயே ஒருவர் இருந்தார். தாமோதரன் என்று பெயர். ஒல்லாந்து துரைகள் பேசுவதை நம் ஜனங்களுக்கும், நம் ஜனங்கள் பேசுவதைத் துரைகளுக்கும் மாற்றிச் சொல்லும் துபாஷி வேலை. ஊரில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்தான். முதன்முதலாக நாற்காலியிலிருந்து விழுந்தவரும் அவர்தான்.

ஒருநாள் கோட்டைக்குள் பெரிய துரையின் அறையில் ஒரு கண்ணாடி ஜன்னலைப் பார்த்தார். உள்ளங்கை அகலச் சில்லுகளை ஈயப் பட்டையால் கோத்த சின்ன ஜன்னல். வெளியே காற்று வீசியது. உள்ளே துரையின் காகிதம் அசையவில்லை. ஆனால் வெளிச்சம் மட்டும் தாராளமாக வந்து மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. தாமோதரன் மனதில் ஏதோ புரண்டது. ஜன்னலே இப்படியென்றால், ஒரு வீடு முழுக்க இப்படி இருந்தால்?

அவ்வளவுதான். ஏரியைப் பார்த்த வீட்டு முகப்பை இடித்தார். கப்பலில் வைக்கோலுக்குள் பொதிந்து வந்த கண்ணாடியில் பாதி நொறுங்கிப்போயிருந்தது. மறு கப்பலுக்குக் காத்திருந்தார். பின்பக்கம் மட்டும் சுவர், மற்ற மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி என்று ஒரு கூடம் எழும்பியது. "படுக்கிறது எங்கே, புடவை மாத்துறது எங்கே?" என்று மனைவி பச்சையம்மா கேட்டபோது, ஒல்லாந்து முறையில் அதற்கெல்லாம் ஓர் ஏற்பாடு இருக்கும் என்றார். என்ன ஏற்பாடு என்று அவருக்கும் தெரியாது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குடிபுகுந்த முதல் காலையில், கடலுக்குமேல் வெளுத்து, மணல் திட்டைத் தாண்டி வந்த வெளிச்சம், ஏரி முழுக்கப் பரவிக் கூடத்துக்குள் நுழைந்தபோது, சுவர் என்ற ஒன்றே இல்லாததுபோல் இருந்தது. பூநாரைகள் கூட்டமாக எழும்பின. வலை இழுக்கிறவர்களின் நிழல் தண்ணீரிலிருந்து கூரைக்கு ஏறி ஆடியது. பச்சையம்மாகூடக் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தாள். தாமோதரனுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நாளும் இந்த ஏரியைச் சுவரால் மறைத்துக்கொண்டா இருந்தோம் என்று நினைத்தார்.

அந்தச் சுகம் வெயில் ஏறும்வரை நீடித்தது.

பிறகு கூடம் இட்லிப் பானையாயிற்று. மதியம் தவறாமல் வந்து ஊரையே குளிர்விக்கும் கடற்காற்று, அவர் வீட்டு வாசல்வரை வந்து, கண்ணாடியில் முட்டிவிட்டுத் திரும்பிப்போனது. குருவிகளும் முட்டின, அவை திரும்பிப்போகவில்லை. உப்புக்காற்றில் படிந்த வெள்ளையைத் தினமும் துடைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஜனங்கள். மீன் விற்றுத் திரும்புகிறவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, துபாஷி சோறு பிசைவதையும், ரசத்துக்குக் குழி பறிப்பதையும், ஏப்பம் விடுவதையும் பார்த்து, அவர் கை கழுவியபின்தான் கலைந்தார்கள். சிலர் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். அதனால் கதவை உள்ளே தாழ் போட ஆரம்பித்தார். பச்சையம்மா பழைய புடவைகளைக் கட்டித் தொங்கவிட்டாள். அவர் அவிழ்த்தார். அவள் கட்டினாள். அவர் அவிழ்த்தார். ஒருநாள் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் இருந்த சமையல் கொட்டகைக்கே குடிபோய்விட்டாள். கீற்றுக் கூரை, மண் சுவர், குளுகுளுவென்று காற்று.

"வெயில் ஜாஸ்தியோ?" என்று யாராவது கேட்டால் போதும். "வெயிலா? இதுக்குப் பேர் வெளிச்சம்" என்பார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

பெரிய துரையே ஒருநாள் வந்தார். உட்கார்ந்த சிறிது நேரத்தில் முகம் வேகவைத்த இறால்போல் சிவந்தது. எங்கள் நாட்டில் சூரியன் அபூர்வம், அதனால் கண்ணாடி வைத்துப் பிடிக்கிறோம்; உங்களுக்கு என்ன கேடு, இந்த மாதிரி ஒரு வீட்டை எங்கள் நாட்டில்கூட நான் பார்த்ததில்லை என்று ஒல்லாந்து மொழியில் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையல் கொட்டகை நிழலுக்குப் போய்விட்டார். துரை என்ன சொன்னார் என்று வெளியே நின்றவர்கள் கேட்டார்கள். மொழிபெயர்ப்பதுதானே அவர் தொழில்?

"இந்த மாதிரி வூடு அவுங்க நாட்லயே இல்லையாம்" என்றார்.

மகள் ருக்கு தலைப்பிரசவத்துக்குப் பொன்னேரியிலிருந்து வந்தபோதுதான் காரியம் முற்றியது. கூட வந்த சம்பந்தி ஜெயம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். வெளியே நின்று உள்ளே பார்க்கும் கூட்டத்தையும் பார்த்தாள். ஊர் பார்க்க எங்கள் மருமகள் பிள்ளை பெறமாட்டாள் என்று சொல்லி, வந்த வண்டியிலேயே ருக்குவை ஏறச் சொன்னாள்.

"நைனா, பாயைக் கட்டிக்கலாம். கொஞ்ச நாளைக்குத்தானே" என்றாள் ருக்கு.

தாமோதரன் மகளைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார். அங்கே கூட்டம் காத்திருந்தது. பாயைக் கட்டினால் இத்தனை நாள் வியர்த்ததற்கு என்ன அர்த்தம்? கட்ட முடியாது என்றார். பெண் பிரசவத்துக்குத் தாய் சம்பந்தி வீட்டுக்குப் போவது ஊர் சிரிக்கும் காரியம். ஆனாலும் பச்சையம்மா ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு அதே வண்டியில் ஏறிவிட்டாள்.

அதற்குப்பின் அவர் தனியாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கொட்டகைக்குப் போய்ப் படுக்கலாம், யார் தடுத்தது? ஆனால் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்துபோகட்டும் என்று இவரும், இவர் எழுந்துபோகட்டும் என்று அவர்களும் காத்திருந்தார்கள். வேளா வேளைக்குச் சாப்பிடவில்லை. பேச ஆளில்லை. ஒரு மதியம் கண் இருட்டியது. நாற்காலியிலிருந்து சரியும்போதுகூட, எந்தப் பக்கம் விழுந்தால் பார்க்க மரியாதையாக இருக்கும் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

வேடிக்கை பார்த்தவர்கள் வாயைப் பிளந்து நிற்க, எதிரே கரையோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவன் தேசப்பன் அதைப் பார்த்தான். ஓடிவந்தான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. துடுப்பால் கண்ணாடியை அடித்து, ஈயத்தை வளைத்து, உள்ளே புகுந்து, அவரைத் தோளில் போட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்தான்.

தாமோதரன் கண் விழித்தார். "எந்தப் பக்கத்துக் கண்ணாடிய உடச்சே?" என்றார்.

செய்தி பொன்னேரிக்குப் போய், பச்சையம்மா அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கஞ்சியை ஊதிக் கொடுத்தாள். கீற்றின் வழியே காற்று வந்தது. நீ இல்லாமல் அந்தக் கூடத்தில் என்னால் இருக்க முடியவில்லை என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் விசாரிக்க வந்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

"மண் சுவரா இருந்திருந்தா நான் வுழுந்தது தேசப்பனுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றார் அவர்களிடம். "அதான் கண்ணாடி."

பச்சையம்மா கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "கண்ணாடி இல்லேன்னா வுழுந்தே இருக்கமாட்டீங்க" என்றாள்.

வந்தவர்கள் போனபின் அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒல்லாந்திலும் ஜன்னலுக்குத் துணி கட்டுவதுண்டு என்று துரையம்மா ஒருமுறை சொன்ன ஞாபகம் என்றார். பச்சையம்மாவுக்கு அது போதும். உடைந்த இடத்தில் ஒரு பாயை மாட்டி, அதன் பக்கத்தில் இன்னொன்றை மாட்டி, மூன்று பக்கமும் மூடிவிட்டுத்தான் ஓய்ந்தாள். ருக்கு திரும்பி வந்தாள். அந்தக் கூடத்தில், பாய்களின் இருட்டில், பெண் குழந்தை பிறந்தது. தாமோதரன் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். வந்தவர்களுக்கு மட்டும் ஒரு பாயைத் தூக்கிக் கண்ணாடியைக் காட்டுவார்.

புத்தி வந்தது என்கிறீர்களா? அடுத்த கப்பலில் வந்த மாலுமி ஒருவன், தன் ஊரில் வீட்டுக்குள்ளேயே சுவரில் குடைந்து, பூப்போட்ட ஓடு பதித்து, நாள் முழுக்க நெருப்பு மூட்டிக் குளிர்காயும் ஒரு கணப்பு உண்டு என்று சொன்னான். பழவேற்காட்டில், சித்திரை மாதத்தில், தாமோதரன் கொட்டகையின் மண் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும், உங்கள் வீட்டில் எந்தப் பொருள் இருக்கும் அறையில் விருந்தாளி வந்தால் மட்டும் போய் உட்காருகிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்படியே நெற்றியையும் துடைத்துக்கொள்ளுங்கள். வெளியே யாரோ பார்க்கிறார்கள்.