கான்வாயை விட்டுப் பிரியக் கூடாது

"கார் கப்பல் ஏறிடுச்சுன்னுதானே சொன்னே?"

"ஏறிடுச்சு சார். அதுல சந்தேகமே வேணாம். சென்னைக் கப்பல்ல ஏறிடுச்சு."

கொல்கத்தா ஓட்டல் அறையின் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தின் மறைவில் ஈஸ்வரன் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் போர்ட் பிளேரின் கப்பல் ஏஜென்ட் குணா. கொல்கத்தாவுக்கு வரவேண்டிய கார் சென்னைக்குப் போனதற்கு அவனிடம் நல்ல காரணம் இருந்தது. கொல்கத்தா கப்பல் புயல் எச்சரிக்கையில் நின்றுவிட்டது. சார் அவசரம் என்று சொல்லியிருந்தார். எனவே முதலில் கிளம்பிய கப்பலில் ஏற்றிவிட்டான்.

"எல்லாம் மெயின்லேண்ட்தானே சார்" என்றான் குணா.

தீவில் பிறந்து வளர்ந்தவனுக்கு உலகம் இரண்டே துண்டுதான். தீவு ஒன்று, மெயின்லேண்ட் ஒன்று. மெயின்லேண்டுக்குள் ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இரண்டு நாள் ரயில் ஓடும் என்பதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஈஸ்வரன் குழாயை மூடினார். மூடியதும் வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, கார் வந்துடுச்சாமா?"

"வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார். எந்த ஊருக்கு என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போர்ட் பிளேரின் மின்னி பேயில் குடியிருக்கும் ஈஸ்வரன் மின்சாரத் துறையில் ஸ்டோர் கீப்பர். மனைவி மங்கையர்க்கரசி. கல்யாணமாகித் தீவுக்கு வந்த நாள்முதல் அவள் ஒரே ஓர் ஆசையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: காத்மாண்டு போய்ப் பசுபதிநாதரைப் பார்க்க வேண்டும். ஈஸ்வரன் என்று பேர் வைத்த ஒருவரைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் சுலபமாக நடந்துவிடும் என்று அவள் அப்போது நம்பியிருந்தாள். நடந்தது வேறு. தீவுக்காரர்களுக்கு மெயின்லேண்ட் லீவு என்பது சொந்தக்காரர்களின் கல்யாண சீசன். விமானம் இறங்கியதும் பத்திரிகை நீட்டுவார்கள். ஒவ்வொரு லீவும் யாரோ ஒருவர் வீட்டுப் பந்தியில் பாயசம் ஊற்றியே தீர்ந்துபோனது.

இந்த முறை அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "இந்த ஒரு தடவை நான் யாருக்கும் சித்தி இல்ல, யாருக்கும் அத்தை இல்ல. ஒரு கல்யாண மண்டப வாசலையும் மிதிக்க மாட்டேன். மிதிக்க வெச்சீங்க, நான் தனியா பிளேன் ஏறி வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க காரோட குடித்தனம் நடத்திக்கலாம்."

அதோடு இன்னொன்றும் சொன்னாள். போகிற ஊரில் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொள்ளலாம், நம் காரைக் கப்பலில் ஏற்றும் வேலையெல்லாம் வேண்டாம் என்று. அதை ஈஸ்வரன் காதில் வாங்கவில்லை. வாடகைக் காரில் எவன் எவனோ தும்மியிருப்பான் என்றார். உண்மையான காரணம் வேறு. அந்தமான் நம்பர் பலகையோடு அவருடைய வெள்ளைக் கார் நேபாள எல்லையைத் தாண்டுவதைப் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட வேண்டும். அவருடைய அதிகாரியின் கார் தீவின் வடகோடியான டிக்லிபூருக்கு மேல் போனதில்லை.

இப்போது அந்த வெள்ளைக் கார் சென்னைத் துறைமுகத்தில் அநாதையாக நின்றது. எடுப்பதற்கு ஆள் வேண்டும். சென்னையில் இருக்கும் ஒரே ஆள் சகலை ஸ்ரீதர். மங்கையர்க்கரசியின் தங்கை அகிலாவின் புருஷன். அவனிடம் சொல்வதும் ரேடியோவில் சொல்வதும் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் ஈஸ்வரன் மறுபடியும் குழாயைத் திறந்தார். காரை எடுத்து லாரியில் ஏற்றி கொல்கத்தாவுக்கு அனுப்பு, யாரிடமும் மூச்சு விடாதே என்றார். ஸ்ரீதர் பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தான். லாரி கிடைக்க நாலு நாள் ஆகும், அதுவரை வண்டியை நிழலில் நிறுத்திக் கண்ணைப்போலப் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

அந்த நாலு நாளை ஓட்டுவதற்கு ஈஸ்வரன் மனைவிக்குக் காளி கோயில், பேலூர் மடம், பாலம் என்று காட்டினார். பாலத்தை இரண்டு தடவை காட்டினார். அவளுக்குச் சந்தேகம் வந்த நேரத்தில், குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது.

செவ்வந்தி மாலையும் ரோஜாச் சரமும் சுற்றிய வெள்ளைக் கார். பின்சீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும். முன்னால் அந்தமான் நம்பர் பலகை, குங்குமப் பொட்டோடு. போட்டோவுக்குக் கீழே அகிலா எழுதியிருந்தாள்: "அக்காவும் அத்தானும் வரலைன்னாலும் அவங்க கார் வந்துடுச்சு."

ஸ்ரீதரின் அண்ணன் மகள் கல்யாணமாம். ஊர்வலத்துக்குச் சொல்லிவைத்த கார் காலைவாரிவிட்டது, வாசலில் ஒன்று சும்மா நின்றது. அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை என்பது உண்மைதான். எல்லாருக்கும் காரைக் காட்டினான், அவ்வளவுதான்.

மங்கையர்க்கரசி போட்டோவை நீண்ட நேரம் பார்த்தாள். "நம்மள விட நம்ம காருக்கு மரியாதை ஜாஸ்தி" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. அவள் திட்டினால் ஈஸ்வரன் தாங்குவார். பேசாமலிருந்ததால், பாலத்தை மூன்றாவது தடவை காட்டக் கூப்பிட்டார்.

அன்று மாலைக்குள் அவள் போனுக்கு ஓய்வில்லை. கார் வந்திருக்கிறது என்றால் ஆளும் மெயின்லேண்டில்தான் இருக்க வேண்டும் என்று சொந்தபந்தம் கணக்குப் போட்டுவிட்டது. மதுரையில் ஒரு நிச்சயதார்த்தம். காரைக்குடியில் ஓர் அறுபதாம் கல்யாணம். கொல்கத்தாவிலேயே, அவர்கள் ஓட்டலுக்கு நாலு தெரு தள்ளி, ஒன்றுவிட்ட சித்தப்பா மகனுக்கு வரவேற்பு. "எந்த ஓட்டல்னு சொல்லு, நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்" என்றார்கள்.

இருவரும் இரவோடிரவாக ரயிலேறி கோரக்பூருக்கு ஓடினார்கள். கடன்காரர்களுக்குப் பயந்து ஓடியவர்கள் உண்டு. தாம்பூலப் பைக்குப் பயந்து ஓடியவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

கோரக்பூரில் ஈஸ்வரன் தன் கொள்கையை முழுங்கிவிட்டு வாடகைக் கார் எடுத்தார். எவன் தும்மியிருந்தாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார். கார் எல்லைவரை நன்றாக ஓடியது. எல்லையில் சீருடைக்காரர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாடகைக் காரைச் சொந்தக்காரன் சம்மதமில்லாமல் தாண்டவிட முடியாது என்றார். சொந்தக்காரனுக்குப் போன் போட்டால், நேபாளம் போவதாக நீங்கள் சொல்லவே இல்லையே, வண்டியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று அவன் கத்தினான். ஆளை அனுப்பி எடுத்துக்கொள் என்று சொல்லி, காரை இந்தப் பக்கமே நிறுத்தினார்கள். பெட்டிகளை இழுத்துக்கொண்டு, புழுதியில் நடந்தே வெளிநாட்டுக்குள் நுழைந்தார்கள். ஆபீஸ் குரூப்புக்கு ஈஸ்வரன் போட்டோ எதுவும் அனுப்பவில்லை.

அந்தப் பக்கத்து ஊரில் ஒரு கடையில் நேபாள நம்பரோடு பழைய ஜீப் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. கடைக்காரருக்கு இந்தி தெரியும். அந்தமான் இந்தியைக் கேட்டுச் சிரித்தாலும் புரிந்துகொண்டார். மலைப்பாதையில் மண் சரிந்து வேலை நடக்கிறது, வண்டிகளைக் கூட்டம் கூட்டமாகத்தான் விடுகிறார்கள், வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றார்.

ஈஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கான்வாய்" என்றார்.

அந்தமானில் வண்டி ஓட்டியவனுக்குக் கான்வாய் தாய்ப்பால் மாதிரி. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போகும் ஒரே ரோடு பழங்குடியினரின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் செக்போஸ்டில் எல்லா வண்டியும் காத்து நின்று, குறித்த நேரத்தில் முன்னும் பின்னும் போலீஸோடு வரிசையாகக் கிளம்ப வேண்டும். முந்தக் கூடாது. நிறுத்தக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. முக்கியமாக, வரிசையை விட்டுப் பிரியக் கூடாது. ஈஸ்வரன் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று மங்கையர்க்கரசியே சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் விடியற்காலை, ஊர் எல்லையில் பனிமூட்டத்துக்குள் அந்த வரிசை நின்றது. ஒரு பஸ், நாலைந்து ஜீப், சில கார்கள், எல்லாம் என்ஜினை ஓடவிட்டபடி. வரிசையின் தலை பனியில் தெரியவில்லை. ஈஸ்வரன் வாலில் போய் ஒட்டினார். ஒரு இளைஞன் ஓடிவந்து ஜீப்பின் கண்ணாடியில் சிவப்புத் துணி கட்டினான். இருவர் நெற்றியிலும் தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்து அப்பினான்.

"எண்ணிக்கைக்கு அடையாளம் கட்டுறாங்க" என்றார் ஈஸ்வரன்.

"இது அடையாளம் இல்லங்க. பசுபதிநாதர் பிரசாதம்" என்றாள் மங்கையர்க்கரசி. கொல்கத்தாவுக்குப் பிறகு அவள் அவரோடு சேர்ந்தாற்போலப் பேசியது அப்போதுதான்.

வரிசை நகர்ந்தது. இப்படியொரு ஒழுங்கை ஈஸ்வரன் பார்த்ததில்லை. ஒருவன் பின்தங்கினால் முன்னால் போகிறவன் காத்திருந்தான். வழியில் ஒரு கடையில் எல்லா வண்டியும் நின்றது. அந்தமான் கான்வாயில் நிற்கவே கூடாதே என்று ஈஸ்வரன் சட்டம் பேசப் பார்த்தார்; அதற்குள் சுடச்சுடப் பூரியும் உருளைக்கிழங்கும் இனிப்பும் இலைத்தட்டில் வந்துவிட்டன. காசு கொடுக்கப் போனவர் கையைப் பிடித்து மடக்கிவிட்டார்கள்.

"நம்ம கான்வாய்ல ஒரு கிளாஸ் தண்ணி குடுத்திருப்பானா? கவர்மென்ட்னா இது கவர்மென்ட்" என்றார் வாயில் பூரியோடு.

மங்கையர்க்கரசி இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டாள். பட்டும் நகையுமாக இருந்த பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சாமி பார்க்கப் போவதற்கு இந்த ஊரில் எவ்வளவு சிரத்தையாக உடுத்துகிறார்கள் என்று அவள் வியந்தாள். நாமும் நல்ல புடவை கட்டியிருக்கலாம் என்றாள். கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று ஈஸ்வரன் சொல்ல, பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்து அந்தப் பூரிக் கடைக்காரர் வீட்டுக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். கான்வாய் அவளுக்காகக் காத்திருந்தது.

மதியத்துக்கு மேல் ஓரிடத்தில் காத்மாண்டு என்று எழுதிய பலகை நேராகக் கைகாட்டியது. வரிசை இடதுபக்கம் திரும்பியது.

"என்னங்க, போர்டு அந்தப் பக்கம் காட்டுது."

"டைவர்ஷன். மண் சரிஞ்சிருக்குன்னு சொன்னாருல்ல? கான்வாயை விட்டுப் பிரியக் கூடாது மங்கை. பிரிஞ்சவன் கெட்டான்."

ரோடு ஒடுங்கியது, பிறகு மண்ணானது, பிறகு ஏறியது. ஜன்னலுக்கு வெளியே பனிமலை ஒன்று வெயிலில் நின்றது. மங்கையர்க்கரசி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களை நிறையத் திட்டிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். ஈஸ்வரன் மனசில் எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கமில்லாதவர்.

"இத்தனை வருஷத்துல முதல் தடவையாங்க" என்றாள். "யாரு கூப்பிட்டும் வரல. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. நான் பாட்டுக்கு நானா வந்திருக்கேன்."

மலைமேல் ஒரு பெரிய ஓட்டு வீட்டின் முன்னால் வண்டிகள் நின்றன. முற்றத்தில் மாவிலைத் தோரணமும், வரிசையாகப் பித்தளைக் குடங்களும், தூபப் புகையும். கோயில் சத்திரம் என்று முடிவுசெய்து, மங்கையர்க்கரசி செருப்பை ஜீப்பிலேயே கழற்றிவிட்டு இறங்கினாள். நல்ல உடம்பும் சிரித்த முகமுமாக ஒரு பெண்மணி விளக்குத் தட்டோடு நேரே அவளிடம் வந்தாள். ஆரத்தி சுற்றினாள், கழுத்தில் மாலை போட்டாள். பிறகு அவள் இரண்டு கையையும் வாஞ்சையோடு பிடித்துக்கொண்டு இந்தியில் கேட்டாள்:

"நீங்க மாப்பிள்ளைக்குச் சித்தியா, அத்தையா?"