நாற்பத்தைந்து பாகை, அந்தப் பக்கமாக

மச்சான் ரஸ் அவர்களுக்கு மெர்வின் வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கை க்ளெனிஸும் மகள் பிரென்னாவும் நலம். உங்கள் கோதுமையும் முதுகுவலியும் எப்படி? போனில் சொன்னால் சிரித்தே நேரத்தைக் கழித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பிரென்னாவுக்கு வரும் திங்கட்கிழமை முதல் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் வேலை. பஸ் கிடையாது. நாளை லைசென்ஸ் தேர்வு. தேர்வாளர் மாதம் ஒருமுறைதான் வருவார். நம் கடைத்தெருவில் வண்டியைச் சாய்வாக, பின்பக்கம் நடைபாதையைப் பார்க்க நிறுத்துவதுதானே வழக்கம், அதைத்தான் முதலில் செய்யச் சொல்வார். அந்தக் கோடுகள் மங்கிக் கிடந்தன. என்றோ டென்னிஸ் மைதானத்துக்குக் கோடு போட்ட பெருமையில், "நானே அடிச்சுத் தர்றேன்" என்று கவுன்சிலில் வாயைக் கொடுத்தேன், பெயிண்டைக் கொடுத்துவிட்டார்கள்.

மகளின் பழைய பாகைமானியை எடுத்துக்கொண்டேன். நடைபாதை விளிம்பு குறுக்குவெட்டி, கோடுகளெல்லாம் இணைகோடுகள், ஆகவே முதல் கோட்டுக்கு நாற்பத்தைந்து பாகை அளந்தால் போதும், ஒத்த கோணங்களெல்லாம் சமமாக அமைந்துவிடும் என்பது பள்ளியில் படித்து ஞாபகம் இருந்தது. பாகைமானியில் எண்கள் இரண்டு வரிசையில் எதிரெதிராக ஓடும் என்பதுதான் ஞாபகம் இல்லை. ஞாயிறு முழுக்கக் கயிறு பிடித்து அடித்தேன். பேக்கரி நோலீன் வெளியே வந்து பார்த்தாள்.

"மெர்வ், எல்லாம் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கேப்பா."

"நாப்பத்தஞ்சு பாகை இருக்கா, இல்லியா?"

"இருக்கு. அந்தப் பக்கமா இருக்கு. இந்தப் பக்கம் நூத்து முப்பத்தஞ்சு. வண்டி எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

இணைகோடுகளின் குணமே அதுதான் மச்சான்: முதலாவது தப்பினால் மிச்சமெல்லாம் அச்சுப் பிசகாமல் அதே தப்பைச் செய்யும். திங்கள் காலை ஊர் வண்டிகளெல்லாம் தொட்டியில் தண்ணீர் குடிக்கும் மாடுகள் மாதிரி நடைபாதையில் மூக்கை வைத்து நின்றன. "ஆறு மாசமா ரிவர்ஸ் பழகினேன்ப்பா. நீ தெருவையே திருப்பி வெச்சிட்ட" என்றாள் பிரென்னா. க்ளெனிஸ், "இவன் கையில பெயிண்ட் டப்பாவக் குடுத்தது யாரு?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்று அந்தத் தப்புக் கோடுகள்மேல் கறுப்படித்துவிட்டுச் சரியான பக்கம் சாய்த்துப் புதிதாக அடித்தேன். பாகைமானியைப் பிரென்னாதான் பிடித்தாள். ஆனால் கறுப்புக்கு அடியில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது, தெரு முழுக்கப் பெருக்கல் குறிகள். பெண் மிரண்டுபோயிருக்கிறாள். நாளை தவறிவிட்டால் அடுத்த தேர்வு வரைக்கும், தினம் அந்தப் பக்கம்தானே போகிறீர்கள், காலையில் அவளை ஏற்றிக்கொள்ள முடியுமா? அவள் கேட்கமாட்டாள். நான் கேட்கிறேன்.

உங்கள் பயிருக்கு மழையும் அறுவடைக்கு வெயிலும் வரிசை மாறாமல் வரட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
மெர்வ்

பின்குறிப்பு: வெள்ளி, மதியம். தேர்வாளர் தெருவைப் பார்த்து, "இதென்ன, கணக்கு நோட்டா?" என்றார். கோடே இல்லாத ரயிலடிக்குக் கூட்டிப்போய் நிறுத்தச் சொன்னாராம். பாஸ்! அம்மாவின் காரிலேயே வேலைக்குப் போய்க்கொள்வாள், அவளுக்காக நீங்கள் வர வேண்டாம். அந்தச் சந்தோஷத்தில் நான் என் வண்டியைப் புதுக் கோட்டுக்குள் பின்னோக்கி விட்டேன். கோட்டையே ரசித்துக்கொண்டிருந்ததில் விளக்குக் கம்பத்தைக் கவனிக்கவில்லை. வண்டி பக்கத்து ஊர்ப் பட்டறையில். அதை எடுத்துவரத் திங்கள் காலை என்னை ஏற்றிக்கொள்ள முடியுமா? பிரென்னாவிடம் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு லேட்டாகும், மாமாவைக் கேளுப்பா" என்கிறாள்.