ஒற்றைக்காதனின் ரொட்டி

அச்சுக்குப் போக இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. அப்போது பார்த்து, செத்தவன் உயிரோடு வந்து நின்றான்.

ஏழாம் பாகம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ஒற்றைக்காதன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறான். "கொஞ்சம் தாமதமாகிவிட்டது, இளவரசே" என்கிறான். உட்கார்ந்து ரொட்டி தின்கிறான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். ரொட்டி அங்கேயேதான் இருந்தது.

அவள் டீச்சர் இல்லை. அந்தப் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். தண்ணீர் கேனில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக்கூடப் பேனாவால் திருத்திவிட்டதால் வந்த பட்டப்பெயர்.

"அண்ணே, இவன் மூணாம் பாகத்துலயே செத்துட்டானே."

பக்கம் வடிவமைக்கும் அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்ல மனுஷன். வந்துட்டுப் போகட்டும்."

விளையாட்டில்லை. டிராகன்களும் மந்திரக் கோட்டைகளுமாக ஏழு பாகம் ஓடிய அந்தக் கதையே ஒற்றைக்காதனின் சாவின் மேல்தான் நின்றது. தன் நிழலைக் கண்டே நடுங்கிய இளவரசன், குதிரைக்காரன் ஒற்றைக்காதன் போன பிறகுதான் வாளை எடுத்தான். நான்காம் பாகத்தில் சிரிப்பை விட்டான். ஐந்தாம் பாகத்தில் ஒரு நகரத்துக்கே அவன் பெயரை வைத்தான். 'ஒரு பாத்திரம் எப்படி வளர வேண்டும் என்பதற்கு இதுதான் இலக்கணம்' என்று வாசகர் கூட்டத்தில் டீச்சரே பேசியிருக்கிறாள். தலை நிமிராமல், காகிதத்தைப் பார்த்துத்தான்.

வேலைக்குச் சேர்ந்ததும் அவள் முதலில் பார்த்த புத்தகம் அந்த மூன்றாம் பாகம். பக்கத்துக்குப் பக்கம் பிழை பிடித்து, முதலாளியிடம் பாராட்டு வாங்கினாள். 'பாலம் எரிந்து விழுந்தது. ஒற்றைக்காதன் மாண்டான்.' அந்த இடத்தை நினைத்து வீட்டுக்குப் போயும் அழுதாள். வேதியியல் படித்துவிட்டு இங்கே ஏன் வந்தோம் என்ற கேள்வி அன்றோடு நின்றது.

எழுத்தாளருக்கு எண்பது தாண்டிவிட்டது. கை ஓடாது, சொல்லச் சொல்ல மனைவிதான் எழுதுகிறார். இதுதான் கடைசிப் புத்தகம். இதில் போய் இப்படி ஒரு பிழை நின்றுவிட்டால் முப்பது வருட உழைப்பை ஊரே சிரிக்கும்.

போன் செய்தாள். அவருக்குக் காதும் சரியாகக் கேட்காது. மனைவிதான் எடுத்தார்.

"அம்மா, செத்தவன் எப்படி வருவான்?"

அந்த அம்மாள் கேள்வியைக் கணவர் காதில் உரக்கச் சொன்னார். பின்னால் முணுமுணுப்பு. "வந்துட்டான்னு சொல்றார்."

"வாசகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்கம்மா. வந்தது அவன் தம்பின்னு மாத்திடவா?"

நீண்ட முணுமுணுப்பு. "உங்க இஷ்டம்ங்கிறார். ரொட்டியை மட்டும் எடுக்க வேண்டாமாம். பாலத்துக்குப் போறப்போ பசியோட போனானாம்."

தம்பியாக மாற்றி முடித்தபோதுதான் நினைவு வந்தது. 'என் தாய்க்கு நான் ஒரே பிள்ளை' என்று இரண்டாம் பாகத்தில் சத்தியம் செய்திருக்கிறான். சரி, மகன்.

"மகனுக்கும் ஒத்தைக் காதா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே. வரிக்கு வரி காது வருதே."

"ஓநாய் கடிச்ச காது, டீச்சர். அது பரம்பரையா வருமா? நீங்க சயின்ஸ் படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

அவளுக்கு முகம் சிவந்தது. மகனை எடுத்துவிட்டு ஆவியைப் போட்டாள். அந்த உலகத்து ஆவிகளுக்குப் பசி கிடையாது. ஆகவே ரொட்டி போயிற்று. ஆனால் அவன் தின்றது போக மிச்சம் வைத்த அரை ரொட்டியைத்தான் இளவரசன் போர்க்களத்தில் எதிரியின் குழந்தைக்குத் தருகிறான். அதைப் பார்த்துத்தான் இரண்டு படைகளும் ஆயுதத்தைக் கீழே போடுகின்றன. ரொட்டி போனதும் போர் நிற்க மாட்டேன் என்றது.

"கிணறு வெட்டினா ஒரு பூதம் வரும்பாங்க. உங்களுக்கு வரிசையில நிக்குதே."

அவன் வந்தது இளவரசனின் கனவு என்று வைத்தாள். கனவில் வந்தவன் விழித்த பிறகு இருக்க முடியாதே; அவனை வைத்துப் பின்னால் நடந்ததெல்லாம் கழிந்ததில் நாற்பது பக்கம் குறைந்தது.

"அட்டை நேத்தே அடிச்சாச்சு டீச்சர். உள்ள பக்கம் குறைஞ்சா, அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி தொளதொளன்னு இருக்கும்."

"இப்ப என்னண்ணே பண்றது?"

"எழுத்தைப் பெருசாக்கறேன்."

ஆக்கினார். இளவரசன் காதோடு சொன்ன ரகசியம்கூட ஊருக்கே கத்தியதுபோல் இருந்தது.

மறுநாள் காலை அவள் கனவையும் எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதவு திறக்கவில்லை. யாரும் வரவில்லை. போர் மழையால் நின்றது. இளவரசன் காலி மேசை முன் தனியாக உட்கார்ந்திருந்தான். எந்தப் பிழையும் இல்லை. கோப்பு அச்சகத்துக்குப் போனது.

மதியம் எழுத்தாளரின் மனைவி நேரில் வந்தார். இனிப்புப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு அச்சுப்படியைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது.

"ரொட்டி இல்லையா?"

"இல்லம்மா." டீச்சர் மேசையைப் பார்த்துச் சொன்னாள். "அந்தச் சாவு இல்லேன்னா இளவரசன் மாறியிருக்கவே மாட்டான். செத்தவன் திரும்பி வந்தா அவன் பட்ட துக்கமெல்லாம் பொய்யாயிடும்."

"இதையேதான் அவரும் சொல்லுவார். அழுதவங்களை ஏமாத்தக் கூடாதுன்னு."

"பின்னே ஏம்மா வர வெச்சார்?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகக் கூட்டில் வைத்தார்.

"கடைசியிலயாவது அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடணும்னுதான். மூணாம் பாகத்தப்போ இங்க புதுசா சேர்ந்த பொண்ணு யாரோ ஒரு எழுத்தைத் திருத்திடுச்சாம். சொன்னா பாவம், அதுக்கு வேலை போயிடும்னு இவர் வாயையே திறக்கல. அவர் எழுதினது ‘மாண்டான்’ இல்லம்மா, ‘மீண்டான்’."